சரசக்காவின் சீட்டி

செல்போன் ரிப்பேர் கடைகளைத் தாண்டும்போது ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்றால் எங்கள் ஊரில் மில் வைத்திருந்தவர்களில் ஒருவனாவது தூங்கியிருப்பானா என்று கேட்பேன். இப்போதும் கேட்பேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் நாங்கள் மூன்று பேர் ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். நான் கிடார், சீனி டிரம்ஸ். சாகுல் ரேடியோ ரிப்பேர் கடைக்காரன். பழைய டேப் ரெக்கார்டர்களைப் பிரித்து, டேப்பை வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டு, தானே பற்றவைத்த சர்க்யூட்டுகளில் ஊளையும் உறுமலும் எழுப்புவான். பாட்டு என்று எதுவும் கிடையாது, தீப்பிடித்த மாதிரி ஒரு சத்தம், அதற்குள் நான் கத்துகிற நாலு வரி. லைட் மியூசிக் என்று பொய் சொல்லித்தான் கோயில் கொடைத் திருவிழாக்களில் மேடை வாங்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் வாசித்தபோது, "ஏலே, செட்டு ரிப்பேரா? சரி பண்ணிட்டு சினிமாப் பாட்டைப் போடுங்க" என்று ஒருவர் அக்கறையாகச் சொன்னார். சுந்தரபாண்டியத்தில் அந்த அக்கறையும் இல்லை, ஒரு செருப்பு வந்து விழுந்தது. "ஒத்தைய வச்சு என்ன செய்ய, சோடியையும் எறிங்கய்யா" என்றான் சாகுல், மைக்கிலேயே.

அதற்குக் கொஞ்ச நாளில் சீனியின் அக்கா சரசு மில்லில் செத்துப்போனாள். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினில் கை மாட்டி. ஷிப்டு முடிந்தபிறகு பஞ்சு திருட உள்ளே போனவள் என்றது மில். அந்த நேரம் தான் வீட்டில் இருந்ததாக அவள் ஷிப்டு மேஸ்திரி சத்தியம் செய்தார். திருடி. உழைத்துச் செத்தவளுக்கு அவர்கள் கொடுத்த பட்டம். சீனியின் அம்மா தெருக்குழாய்க்குப் போவதையே நிறுத்திவிட்டார். அக்கா வேலையில்தான் இருந்தாள் என்று யாராவது ஒருவர் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும், சீனிக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மில்லுக்குள் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் பெண்கள் சீட்டி அடிப்பார்கள். தெருவில் அடித்தால் பல்லை உடைக்கிற ஊரில், உள்ளே ஒவ்வொருத்திக்கும் ஒரு சீட்டி. ஆளைக் கூப்பிட ஒரு மாதிரி, மெஷினை நிறுத்தச் சொல்ல நீளமாக இன்னொரு மாதிரி. சரசக்காவுக்கு முன்பல் பாதி உடைந்திருந்ததால் அவளுடையது நடுவில் கிழிந்து வரும்.

அவளுக்காக ஒரு உருப்படி செய்தோம். அவள் போய்ப் பல மாதம் கழித்து, காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்று மில் இரைச்சலைச் சாகுல் பதிவு செய்தான். அந்த டேப்பைச் சுற்றவிட்டு அதன்மேல் வாசிப்பது. ராஜபாளையத்திலேயே ஒரு தெருக்கொடையில் மேடை கிடைத்தது. கமிட்டியின் முன் நாற்காலியில், சந்தனமும் மாலையுமாக, அதே மேஸ்திரி. கிடாரை அவர் தலையில் இறக்கலாமா என்றிருந்தது எனக்கு.

விளக்கு வைக்கிற நேரம். தரையில் மில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டேப் ஓடத் தொடங்கியதும், "ஏட்டி, இங்கயும் மில்லு வந்துட்டு. செத்த நேரம் உக்கார விடுதாய்ங்களா பாரு" என்றாள் ஒருத்தி. சிரிப்பு. சீனி அடிக்கவில்லை, எதையோ உடைத்துக்கொண்டிருந்தான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அப்போது அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது, நீளமாக, நடுவில் கிழிந்து.

சீனியின் கை அந்தரத்தில் நின்றது. பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மறுபடியும் சீட்டி. மேஸ்திரி எழுந்தார், எழுந்தவர் யாரையும் பார்க்கவில்லை, வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடினார், கம்பத்தில் கட்டியிருந்த மெயின் ஸ்விட்சைப் பிடித்து இழுத்தார். மேடையும் சீரியல் லைட்டும் அணைந்தன. கைப்பிடியை விடாமல் அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

"நிறுத்திட்டேன் சரசு. நிறுத்திட்டேன். கையை எடு தாயி."

சரசுவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த, வேலை போய்விடும் என்று அதுவரை அடங்கியிருந்த மாரியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "வீட்டுல இருந்தேன்னு சத்தியம் பண்ணினியேய்யா. அம்புட்டு சீட்டி அடிச்சாளே, பாத்துக்கிட்டா நின்ன?"

"வேலையிலதான் இருந்தா" என்றார் மேஸ்திரி. "மெஷினை நிப்பாட்டக் கூடாதுன்னு உத்தரவு."

மில் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்கிறவர்களா அவர்கள்? ஆனால் மறுநாள் காலை சீனியின் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார்.

அன்று மத்தியானம் சாகுல் கடையில் அந்த டேப்பைப் போட்டுக் கேட்டோம். சீட்டி இல்லை. அது வந்த இடத்தில் மில் நிற்கிறது. டேப் அறுபடவில்லை, சுவருக்கு வெளியே ஒரு நாய் குரைப்பது கேட்கிறது, சாகுல் இருமுவதும் கேட்கிறது. மெஷின் மட்டும் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றுபோகிறது, யாரோ மெயினை இழுத்த மாதிரி. பிறகு வளையம் சுற்றி வந்ததும் மறுபடி ஓடுகிறது.

"அல்லா மேல ஆணை, நான் நின்ன வரைக்கும் மில்லு நிக்கலைலே" என்றான் சாகுல்.

இன்றைக்கும் மாவு மில்லோ மோட்டாரோ எது நின்றாலும், அது திரும்ப ஓடுவதற்குள் என் மூச்சு தானாக அடங்கிக்கொள்கிறது. அன்று எனக்குப் பயமில்லை, ஆத்திரம்தான். வத்திராயிருப்பில் வாசிப்போம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாசிப்போம், ஒவ்வொரு மில்காரன் வாசலிலும் வாசிப்போம், கேட்கட்டும் அயோக்கியர்கள் என்று கத்தினேன். சீனி எழுந்து டிரம்ஸ் குச்சிகளைப் பெஞ்சில் வைத்தான். டேப் சுற்றிக்கொண்டிருந்தது, மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கடை வாசலில் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அவளை இன்னும் எம்புட்டு ஷிப்டுக்குலே அனுப்புவ?"