பம்பரத்தின் இரண்டு பந்தயங்கள்

வீட்டில் அவளுக்குப் பேர் பம்பரம். சின்ன வயதில் அண்ணன் வைத்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். டிவி போட்டால் முதல் விளம்பரம் வருவதற்குள் எழுந்துபோய் ஜன்னல் கம்பியைத் துடைப்பாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்தபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் ஆடாதே, அசையாதேன்னு சொல்லப்போறது யாரு? நம்ம பம்பரமா?"

அவள் கட்டிக்கொண்டவரோ தையல்காரர். மெஷின் முன்னால் உட்கார்ந்தாரானால் மதியச் சாப்பாடு வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். "நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாப் பிசைஞ்சு ரெண்டாப் பிரிச்சிருந்தா, ரெண்டு நல்ல மனுஷங்க கெடச்சிருப்பாங்க" என்பார்.

அண்ணன் பஸ் டிரைவர். ஆறு வாரமாக இருமல் விடவில்லை என்று ஒருநாள் டியூட்டிக்கு நடுவில், காக்கிச் சட்டையோடு அவளுடைய அறைக்கே வந்து நின்றான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தலைக்கு மேல் ஆட்டிக் காட்டினான். அவள் சட்டையைக் கழற்றச் சொல்லி, தாடையைப் பலகை மேல் வைத்து, தோள் இரண்டையும் முன்னால் தள்ளி நிறுத்தினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை நல்லா இழுங்க, அடக்குங்க" என்றாள்.

படம் திரையில் வர நாலு விநாடி ஆகும். வந்தது. வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு எலுமிச்சை அளவுக்கு வெள்ளை. பதினேழு வருஷமாக இதே திரையைப் பார்க்கிறவள். டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

"என்ன பம்பரம், உள்ள நல்ல மனசு ஏதாவது தெரியுதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.

படம் எடுக்கிறவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. "சட்டையைப் போட்டுக்கங்கண்ணே. டாக்டர் சொல்வார்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கிப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸைப் போக விட்டாள். உள்ளே ஏறி உட்கார முடியும் என்று தோன்றவில்லை. நடக்க ஆரம்பித்தாள். வீடு பதினோரு கிலோமீட்டர். வாசலில் செருப்பை விடும்போது வலது செருப்பின் வார் அறுந்திருந்தது, எங்கே அறுந்தது என்று தெரியவில்லை.

அண்ணன் அதற்கப்புறம் ஏழு மாசம் இருந்தான்.

அவன் போன பிறகு நடை ஓட்டமாயிற்று. காலை நாலரைக்கு எழுந்து ஓடிவிட்டு வருவாள். வந்த பிறகும் சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். முட்டி வீங்கியபோது கணவர் சந்தோஷப்பட்டார், இனிமேலாவது வீட்டில் இருப்பாள் என்று. அவள் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். சைக்கிளைச் சரிபார்க்கப் போன கடையில்தான் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஏரியில் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கும் மேலே நீச்சல், அப்படியே தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அப்படியே இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் சேர்த்து எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அரைத்தூர ட்ரையத்லான் என்று போட்டிருந்தது.

"இதுவே பாதிதானா? அப்ப முழுசுன்னா என்ன?" என்று கேட்டாள்.

கடைக்காரர் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "அது பைத்தியம் முத்தினவங்களுக்கு. இது ஆரம்பம்" என்றார். "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

"கத்துக்கறேன்."

நாற்பத்திரண்டு வயதில் அவளைச் சேர்த்துக்கொண்டது குழந்தைகள் வகுப்பில்தான். மற்ற வகுப்பெல்லாம் அவளுடைய டியூட்டி நேரத்தில் இருந்தது. ஏழு வயதுக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கு நடுவில் மார்பளவுத் தண்ணீரில் நின்றாள். "ஆன்ட்டி, நீங்க போன வருஷம் ஃபெயிலா?" என்று ஒரு பெண்பிள்ளை நிஜமான அக்கறையோடு கேட்டது. பயிற்சியாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். "அக்கா, நீங்க நீந்தல. தண்ணியைத் துவைக்கறீங்க" என்பாள். நாலு மாசம் துவைத்த பிறகு ஒருநாள் தண்ணீர் அவளைத் தாங்கியது. மறுநாள் டியூட்டியில் ஒரு கால்முறிவு ஆளிடம், வலியில் முனகிக்கொண்டிருந்தவரிடம் போய், "நான் நேத்திக்கு மிதந்தேங்க" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள், தனியாக. அண்ணன் போன புதிதில் ஓரிருமுறை அங்கே போனதோடு சரி. பிறகு அண்ணி போன் செய்தால் டியூட்டி, இல்லையென்றால் பிராக்டிஸ், இல்லையென்றால் உடம்பு அசதி. போனை வைத்ததும் அசதியெல்லாம் போய் இன்னொரு தடவை ஓடிவிட்டு வருவாள்.

முதல் பந்தயத்தில் ஏரியில் இறங்கிய ஐந்தாவது நிமிஷம் யாருடைய காலோ முகத்தில் உதைத்தது. நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, மூச்சு தாறுமாறாகி, காவலுக்கு நின்ற சின்னப் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். படகில் இருந்தவர், "முடியலன்னா கையைத் தூக்குங்க, கொண்டுபோய் விட்டுடறோம்" என்றார். பேச வராமல் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அவளுக்கே தெரியவில்லை. விளிம்பை விட்டாள். நீச்சலுக்கான கெடு முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது கரையேறினாள்.

சைக்கிளில் எதிர்க்காற்று. சைக்கிளை முடித்து ஓட்டத்துக்கு மாறும் இடத்தில் ஐந்தரை மணி நேரக் கெடு ஒன்று உண்டு. அவள் வந்து சேர்ந்தபோது ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"நாலு நிமிஷம் ஆயிடுச்சும்மா. மன்னிச்சுக்கங்க."

"நாலு நிமிஷம்தானே. நான் ஓடிடுவேன்."

"தெரியும்மா. விதி."

காலில் கட்டியிருந்த நேரம் காட்டும் பட்டையை அவரே குனிந்து அவிழ்த்தார். சைக்கிளை ஒரு லாரியில் ஏற்றினார்கள், அவளை ஒரு வேனில். உள்ளே இன்னும் ஆறு பேர், எல்லோரும் அவரவர் முட்டியைப் பார்த்துக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே ஓடுகிறவர்கள் தெரிந்தார்கள். வேன் அவர்களுக்காக நின்று நின்று நாற்பது நிமிஷம் ஊர்ந்தது. அந்த நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்ததுதான் அன்றைக்குப் பட்ட பாட்டிலெல்லாம் பெரிய பாடு.

கணவர், "சரி, பார்த்தாச்சு. போதும்" என்றார். அவள் மூன்று வாரம் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அலைந்தாள். துவைத்த துணியையே துவைத்தாள். நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கி அவர் தேடும்படி செய்தாள். பிறகு அடுத்த வருஷத்துக்குப் பேர் கொடுத்தாள், அவரிடம் சொல்லாமல்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? சைக்கிள் ஓட்டும்போது போடும் கால்சட்டையின் உள்தையல் பிரிந்திருந்தது. துவைத்த துணியோடு அது கொடியில் தொங்கியதை அவர் பார்த்துவிட்டார். மெஷினில் வைத்துத் தைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எப்ப?"

"என்ன எப்ப?"

"பந்தயம். புதுசா வாங்கின துணி பழசா தேய்ஞ்சிருக்கு. ஒக்கார்ந்தே இருக்கறவன்னா கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா?"

"அஞ்சு மாசம் இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வேணாம்னு சொல்வீங்க."

"சொல்வேன்தான். சொல்றதுக்குக்கூட எனக்கு உரிமையில்லையா?" மெஷினை நிறுத்தினார். சண்டையென்று வந்தால் கத்தாமல் மெஷினை நிறுத்துவதுதான் அவர் வழக்கம். அரைமணி நேரம் கழித்து, "உங்க அண்ணி வரச் சொன்னாங்க. இந்தத் தடவை போயே ஆகணும்" என்றார்.

போனாள். அண்ணி கதவைத் திறந்து, உள்ளே விட்டு, தாழ்ப்பாளைப் போட்டாள். மேஜையில் இரண்டு கப் டீ. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். காலாட்டலில் மேஜை அதிர்ந்து டீ தளும்பியது.

"உன்னை ஒண்ணு கேக்கணும்" என்றாள் அண்ணி. "அவர் போனதுலருந்து நீ ஓடறே. ஒடம்புக்குன்னு நெனச்சேன். போன தடவை கடைத்தெருவுல என்னைப் பார்த்துட்டு எதிர்ப்பக்கம் போனே பாரு, அன்னிக்குத்தான் புரிஞ்சுது. நீ என்கிட்டருந்துதான் ஓடறே. நான் என்ன பண்ணேன் உனக்கு?"

அவள் எழுந்துவிட்டாள். கதவில் தாழ்ப்பாள். ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தாள்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும் அண்ணி. படம் வந்த உடனே தெரியும். அவர் சிரிச்சுக்கிட்டு நின்னார். நான் சட்டையைப் போட்டுக்கங்கன்னேன். டாக்டர் உங்ககிட்ட சொல்ல ஒம்பது நாள் ஆச்சு. அந்த ஒம்பது நாளும் நீங்க ரெண்டு பேரும் கட்டில் வாங்கறதுக்குக் கடை கடையா ஏறி எறங்கினீங்க. நான் வாயைத் திறக்கல."

அண்ணி டீயை ஒரு மிடறு குடித்தாள். கப்பைக் கீழே வைத்தாள்.

"அவருக்கும் அன்னிக்கே தெரியும்."

"என்னது?"

"வீட்டுக்கு வந்து சொன்னார். பம்பரம் என் மூஞ்சியைப் பாக்கல, குனிஞ்சு சீட்டைப் படிச்சா, அதனால நல்ல சேதி இல்லைன்னார். கட்டில் வாங்கப்போனது அதுக்குத்தான். இனிமே படுக்கைதான்னு தெரிஞ்சு, நல்லதாப் பார்த்து வாங்கினார். அவ மேல வருத்தப்படாதே, பாவம், அவளுக்குத்தான் இன்னிக்கு ரொம்பக் கஷ்டமான டியூட்டின்னும் சொன்னார்."

"இதை ஏன் இத்தனை நாளா என்கிட்ட சொல்லல அண்ணி?"

"நீ நின்னாத்தானே சொல்றதுக்கு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் அழுதாள். அண்ணி அவளைத் தடுக்கவில்லை. ஆறின டீயை எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள்.

அன்று திரும்பி வரும்போது, இனிமேல் ஓட வேண்டியதில்லை என்றுதான் நினைத்தாள். பாரம் இறங்கிவிட்டதே. மறுநாளுக்கு அலாரம் வைக்காமல் படுத்தாள். நாலரைக்குக் கண் விழித்தது. கால் போர்வைக்குள் தானாக ஆடியது. அண்ணன் சாகும் முன்பே, எக்ஸ்ரே வேலைக்கு வரும் முன்பே, பாவாடை கட்டின நாளிலேயே ஆடின கால். ஓடுவதற்கு இருந்த காரணம் போய்விட்டது, ஓட்டம் போகவில்லை. கொஞ்ச நேரம் இருட்டில் படுத்தபடி அதை யோசித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. எழுந்து ஷூவைத் தேடினாள்.

இரண்டாவது பந்தயத்துக்குக் கணவரும் அண்ணியும் வந்தார்கள். சட்டையின் முதுகில், வழியில் போட்டுக்கொள்ளும் உப்பு மாத்திரைகளை வைக்க அவர் ஒரு குட்டிப் பை தைத்துக் கொடுத்திருந்தார். எந்தக் கையால் எடுப்பாய் என்று கேட்டு, மூன்று தடவை பிரித்துத் தைத்தார். ஏரியில் இந்தத் தடவை ஓரமாக நீந்தினாள். ஒரு மணி இரண்டு நிமிஷத்தில் கரை. அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில் பின்சக்கரம் தஸ்ஸென்று இறங்கியது. ட்யூப் மாற்றுகையில் டயரை நெம்பும் கம்பி இரண்டு தரம் நழுவியது. பதினோரு நிமிஷம் போயிற்று. அதற்கப்புறம் நேரம் பார்க்கவே இல்லை, பார்த்தால் காலைத் தூக்க முடியாது என்று. மாறும் இடத்தில் ஆறு நிமிஷம் மிச்சம் இருந்தது.

பதினாலாவது கிலோமீட்டரில் வயிறு புரட்டி, வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். ஓட்டம் நடையாயிற்று. பக்கத்தில் பருத்த ஆள் ஒருவர் நடந்துகொண்டிருந்தார், பல் டாக்டராம். "எத்தனையாவது தடவை?" என்று கேட்டார்.

"ரெண்டு. நீங்க?"

"நாலு. இன்னும் ஒரு தடவைகூட முடிக்கல."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"வீட்ல இருந்தா இதைவிட மோசமா இருக்கு."

அவள் சத்தமாகச் சிரித்தாள். சிரித்ததில் வயிற்றுப்பிடிப்பு கொஞ்சம் விட்டது. அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடுவோம் என்றாள். ஓடினார்கள். அடுத்த கம்பம் வரைக்கும் நடந்தார்கள். கம்பம் கம்பமாக ஏழு கிலோமீட்டர் போனது. கடைசிக் கிலோமீட்டரில் பல் டாக்டர் பின்தங்கி, "போங்க, போங்க" என்று கையை வீசினார். எட்டு மணி இருபத்தி நாலு நிமிஷத்தில் அவள் கோட்டைத் தாண்டினாள். அவர் எட்டு இருபத்தொன்பதில் வந்தார். வந்தவர் ரோட்டிலேயே மல்லாந்து விழுந்து, சின்னப்பிள்ளை மாதிரி விசும்பினார்.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அவர் கண் சிவந்திருந்தது, வெயில் என்று சொன்னார்.

அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். நடந்துகொண்டே டம்ளரை வாயில் வைக்க பம்பரத்தால் முடியவில்லை. அண்ணி அவள் தாடையைப் பிடித்து நிறுத்தி வாயில் ஊற்றினாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"போதுமா?" என்றாள் அண்ணி.

"இன்னும் கொஞ்சம்" என்று வாயைத் திறந்தாள்.