நான்கு வாரம் தள்ளிய தேதி

படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் என் மகளின் பேனா நின்றது. என்னைப் பார்த்தாள். நான் ஒரு தேதியைச் சொன்னேன், எழுதினாள். உண்மையான தேதியிலிருந்து அது நான்கு வாரம் தள்ளியிருந்தது. அவளுக்கு அப்போது ஏழு மாதம். படிவத்தின்படி ஆறு.

அரசு அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பிப்பதற்காக அவளும் மருமகனும் ஓராண்டுக்கு முன்பே பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். இங்கே பலரும் செய்வதுதான். சிராங்கூன் சாலைக் கோயிலில் தாலி கட்ட ஒரு வாரம் இருக்கையில், "தள்ளிப் போயிருக்கு பா" என்றாள். அவள் அம்மா இறந்து பல ஆண்டுகள். சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. என் முகம் கறுத்ததைக் கண்டு சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

"கவர்மெண்ட் கணக்குல நான் ஏற்கெனவே பொண்டாட்டி லா."

"தாலி ஏறலையே. சொந்தக்காரங்க விரல் விட்டு எண்ணுவாங்க. உன் மாமியார்தான் முதல்ல எண்ணுவாங்க."

உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆரம்பத்தில் எடுக்கும் ஸ்கேன் கருவின் வயதைத் தெளிவாகக் காட்டிவிடும், மாதம் ஏற ஏற அந்தத் தெளிவு குறையும் என்பது எனக்குத் தெரியும். அந்த அறிவை வைத்துத்தான் அவளை ஏழு மாதம்வரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தேன். ஜூரோங்கில் ஷிப்ட் வேலை பார்த்த மருமகனைப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். அவள் மாமியார் கேட்டபோதெல்லாம், நானே கூட்டிப் போய்வந்ததாகச் சொன்னேன்.

மருத்துவர் தமிழ்ப் பெண். ஸ்கேன் திரையைப் பார்த்தபடி, "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க மா. தேதி ஷூரா?" என்றார். மகள் வாய் திறப்பதற்குள், "கரெக்ட்தான் டாக்டர், நான் குறிச்சு வச்சிருக்கேன்" என்றேன்.

"அப்போ பேபி சைஸ் ஓகே. பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட இருக்கு. ரெண்டு வாரத்துல வாங்க."

ஏழு மாதக் குழந்தை ஆறு மாத வளர்ச்சியில் இருப்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். வெளியே வந்ததும், "சின்னதா இருக்குல்ல பா? திரும்பிப் போய்ச் சொல்லிடலாமா?" என்றாள். "உங்கம்மாவும் நோஞ்சான்தான், உன்னைப் பெத்துக்கலையா?" என்று சொல்லிவிட்டு மின்தூக்கியின் பொத்தானை அழுத்தினேன்.

பத்தாம் நாள் அசைவு நின்றது.

நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போதிய இரத்தம் போகவில்லையாம். தாயின் இரத்த அழுத்தம் காரணமாக இருக்கலாமாம். அந்த நஞ்சுக்கொடியை எத்தனை வகுப்புகளில் கரும்பலகையில் வரைந்திருப்பேன். மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்து, "சைஸ் சரியாத்தானே இருந்துச்சு, எதை மிஸ் பண்ணேன்னு தெரியல மா" என்றார். தன்னையே நொந்துகொள்ளும் குரல் அது.

"தேதி தப்பு டாக்டர். நாலு வாரம் தள்ளி எழுதிட்டேன். நான்தான்" என்றாள் என் மகள்.

மருத்துவர் கோப்பைப் பிரித்து அந்தத் தேதியைப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அட்மிட் பண்ணியிருப்போம். தேவைப்பட்டா முன்னாடியே எடுத்திருப்போம். பிழைச்சிருக்கும்னு சொல்ல முடியாது. முயற்சி பண்ணியிருப்போம்."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, இதுக்கா மறைச்சே? ஊரறிய ரெஜிஸ்டர் பண்ணவங்கதானே, யாரு கேக்கப் போறா?"

அவர் கேட்டது என் மகளை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இப்போதும் தீபாவளி விருந்தில் அந்த அம்மாள் அவளைத்தான் சொல்லிக்காட்டுகிறார். அவள் தலைகுனிந்து பரிமாறுகிறாள். நான் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.