ஆர்கன் வாசித்த கெட்டிமேளம்

அந்த ஆர்கனுக்கு அம்மா வைத்திருந்த பெயர் சக்களத்தி. வாரத்தில் ஒரு மாலை அப்பா கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு சகோதரர் சங்கத்து மண்டபத்துக்குக் கிளம்பும்போது, “போயிட்டு வாங்க, அவ காத்துக்கிட்டிருப்பா” என்று வாசல்வரை வந்து வழியனுப்புவாள். அப்பாவும் கோபப்படாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போவார்.

ஒருவரையொருவர் ‘பிரதர்’ என்று கூப்பிட்டுக்கொள்ளும் சங்கம் அது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதை வெளியாருக்குச் சொல்லக்கூடாது. அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். “ஆர்கன் வாசிக்கிறேன்” என்பதைத் தாண்டி அவர் வாயைத் திறந்ததில்லை. மேடைக்குப் பின்னால் சுவரையே அடைத்துக்கொண்டு குழாய்கள் நிற்கும். ஐம்பதுகளில் கப்பலில் வந்தவை. பின்கட்டு அறையில் மோட்டார் காற்றை ஊத, முன்னால் அப்பா கையாலும் காலாலும் வாசிப்பார். சங்கத்து மெட்டுகளைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாமே நிதானமானவை. என் பிறந்தநாளுக்கு அவர் ஒருமுறை வாசித்தபோது யாரோ தவறிப்போய்விட்ட மாதிரிதான் இருந்தது.

சகோதரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, மண்டபத்தைக் கல்யாணங்களுக்கு விட ஆரம்பித்திருந்த சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். மாப்பிள்ளைக்குத் தமிழ் புரியும், பேச்செல்லாம் பர்மியத்தில்தான். நாங்களும் பர்மாவில்தான், லான்மடா என்கிற பேட்டையில் இருந்தோம்; வீட்டிலிருந்து மண்டபம் நடக்கிற தூரம். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: கல்யாணத்தன்று ஒரு மெட்டு வாசிக்கட்டுமா. பந்தி முடிந்து பாதிப்பேர் கிளம்பின பிறகு வாசித்துக்கொள்ளலாம் என்று அம்மா பெரிய மனது பண்ணினாள்.

அவள் கவலை வேறு. தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது. அதற்குத்தானே கெட்டிமேளம். பெரியம்மா கல்யாணத்தில் தவில்காரர் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து யாரோ தும்மித் தொலைத்தார்கள். ஒரே வருடத்தில் பெரியம்மா தாலியை இழந்தாள். அம்மாவைப் பொறுத்தவரை அதற்கு வேறு காரணமே கிடையாது. என் கல்யாணத்துக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினிலிருந்து இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம் என்று பேசி வைத்திருந்தாள்.

அன்று காலை யாரோ பெரிய அதிகாரி போகிறார் என்று தன்லியின் பாலத்தை மூடிவிட்டார்கள். மேளக்காரர்கள் பஸ்ஸோடு அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். முகூர்த்தம் நெருங்க நெருங்க அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கன்னிகாதானம் முடிந்ததும் அப்பா எழுந்தார்.

“சத்தந்தானே வேணும்? எங்கிட்ட இருக்கு” என்றார்.

அம்மாவுக்கு முறைக்கக்கூட நேரமில்லை. தலையை ஆட்டினாள்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, முழுச் சத்தமும் வருவதற்காகப் பக்கத்துக் குமிழ்களையெல்லாம் இழுத்துவிட்டார். ஐயர் ஜாடை காட்டினார், மாப்பிள்ளை தாலியை எடுத்தார், அப்பா விரலை வைத்தார். கரண்ட் போனது. குழாய்கள் பெரிதாக முனகி அடங்கின. வந்திருந்த அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

பின்கட்டில் கைப்பிடி இருக்கிறது, யாராவது போய் அடித்தால் காற்று வரும் என்று அப்பா கத்தினார். சகோதரர்களைத் தவிர யாரும் நுழைந்திராத அறை அது. போகலாமா கூடாதா என்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம். மணவறைப் பலகை அதிர்ந்தது. கெட்டிமேளம் என்று பேரே தவிர, அப்பா வாசித்தது சங்கக் கூட்டத்தை முடிக்கும் மெட்டு. முன்வரிசையிலிருந்த நாலைந்து சகோதரர்களும் பழக்க தோஷத்தில் எழுந்து, நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து நின்றார்கள். அட்சதை அவர்கள் தலையிலும் விழுந்தது. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை கிடையாது என்பதால் மூன்று முடிச்சையும் அவரே போடவேண்டியிருந்தது. அப்பாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஆனால் ஆர்கன் பெஞ்ச் குழாய்களைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தார். அம்மாவோ சுவருக்குப் பின்னால். ஒரே மகள் கழுத்தில் தாலி ஏறியதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா கைக்குத் தைலம் தடவிக்கொண்டே என் தாலிக்கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பின்கழுத்தில் முடிச்சைக் காணோம். மாப்பிள்ளை வாழ்நாளெல்லாம் இடுப்பில் லோன்ஜி என்கிற பர்மிய லுங்கியைத்தான் கட்டியிருக்கிறார். அதே பழக்கத்தில் கயிற்றின் இரண்டு முனையையும் முறுக்கி, மடக்கி, உள்ளே செருகிவிட்டிருந்தார். கேட்டதற்கு, தன் லோன்ஜி இதுவரை ஒருநாளும் அவிழ்ந்ததில்லை என்று பர்மியத்தில் மரியாதையாகச் சொன்னார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சாமி விளக்கை ஏற்றி, எங்கள் இருவரையும் அதன் முன்னால் உட்காரவைத்தாள்.

“இப்பக் கட்டுங்க மாப்பிள்ளை. நாங்க பாக்குறோம்.”

எப்படி முடிச்சுப் போடுவது என்று அப்பா ஒரு நூலில் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளை மெதுவாக, ஒவ்வொன்றாகக் கட்டினார். தெருச் சத்தம் வரக்கூடாதென்று அம்மா ஜன்னலையும் சாத்தியிருந்தாள். மூன்றாவது முடிச்சு விழும்வரை அந்த வீட்டில் கேட்டதெல்லாம் அம்மா வாய்விட்டு அழுதது மட்டும்தான்.