கடலூரில் ஒரு வாரம் விண்வெளி

கல்யாணமாகி இரண்டு மாதம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன், வீடு கடலூரில். விண்வெளிக்குப் போகிறவர்களின் தோல் பற்றி மாணவர்களுக்குப் பேச ஒரு உரை தயாரித்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டார். அங்கே குளியல் கிடையாது, ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வதுதான். தோல் வறண்டு அரிக்கும். நடக்காததால் உள்ளங்கால் தோல் உரிந்து மிருதுவாகும். அடைந்து கிடப்பவர்களின் தோலிலுள்ள கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும்.

"லீவுதானே, நாமளும் ஒரு வாரம் அப்படி இருந்து பாப்பமா?" என்றார். சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே இருவர் முன்கையிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, கல்லூரி ஆய்வகத் தட்டுகளில் வளர்த்துப் பார்த்தேன். எனக்கு வெள்ளைப் புள்ளிகள். அவருக்கு ஒரே மஞ்சள். பிறகு அவர் கடையைத் தம்பியிடம் விட்டார். கதவைச் சாத்தி ஏசியைப் போட்டோம். மிதந்துபோய்விடுவாராம், கட்டில் கம்பிக்கடியில் பாதங்களைச் செருகிக்கொண்டு இட்லி சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காட்டுமன்னார்கோயிலிலிருந்து மாமியார் போன் செய்தார்.

"குளிச்சிட்டியாம்மா?"

போனை அவரிடம் நீட்டினேன்.

"நாங்க ஸ்பேஸ்ல இருக்கோம்மா. எறங்க இன்னும் நாலு நாளு ஆவும்."

"என்னாடா ஒளர்ற? அந்தப் பொண்ணுகிட்ட குடு!"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஏழாம் நாள் காலை மறுபடி தடவி எடுத்துவிட்டுக் குளித்தோம். மாடித் தொட்டி காலியாகி, கீழ்வீட்டுக்காரர் கத்தும்வரை குளித்தோம். பிறகு பஞ்சுக்குச்சிகளை எடுத்துக்கொண்டு, ஈரத்தலையோடு சிதம்பரம் பஸ் பிடித்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தட்டுகளை எடுத்தேன். என் தட்டில் மஞ்சள்! அவர் தட்டில் வெள்ளை! எட்டிப் பார்த்த ஆய்வக உதவியாளர் அக்கா, "இதுல எது உங்களுது, எது சாரோடது மேடம்?" என்று கேட்க, என் முகம் சூடாகிவிட்டது. வராந்தாவுக்கு ஓடிப்போய் அவருக்குப் போன் செய்தேன்.

"என்னுது உன்கிட்ட வந்துடுச்சா? நெஜமாவா?" என்று கூவினார்.

"ரெண்டு பேர வச்சி எதையும் நிரூபிக்க முடியாதுங்க" என்றேன் டீச்சர் குரலில்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கடையில நிக்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."