மாமியின் உள்ளங்கால் மச்சம்

2012 மார்ச் 14, புதன்கிழமை. காலையில் ரோஜாக்களுக்குத் தண்ணீர் விட்டேன். பகல் முழுவதும் அலுவலகம். இரவுக்குச் சோறும் பருப்பும். பிறகு மாமியைக் குசினிக் கதிரையில் இருத்தி, அவருடைய இடது பாதத்தை என் மடியில் வைத்து நகம் வெட்டினேன். மாமி என் கணவரின் தாய்; குனிய முடியாத அவருக்கு நான் புதன்தோறும் செய்யும் வேலை அது. அந்த உள்ளங்காலின் நடுவே ஒரு கறுப்பு மச்சம். மறுநாள் அதை வெட்டியெடுக்க நாள் குறித்திருந்தார்கள்.

உள்ளங்காலில் மச்சம் வந்தால் கடல் கடக்கலாம் என்பது மாமியின் நம்பிக்கை. அது தோன்றிய வருடத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் மெல்பேர்னுக்கு வந்தார். ஊரெல்லாம் வலது காலை முன்வைத்து வெளிக்கிட, மாமி மட்டும் மச்சமுள்ள இடது காலை வைப்பார். இப்போது ரொறன்ரோவில் மகளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. கனடா விசாவுக்குக் காத்திருந்தார்.

மச்சத்தில் இரத்தம் கசிந்ததைக் கண்டு நான்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். சிறு துண்டெடுத்துச் சோதித்ததில் அது மச்சமல்ல, தோல் புற்று என்று தெரிந்தது. மருத்துவரின் மூக்கில் ஒரு வெள்ளைத் தழும்பு. வெயிலில் அலைந்த தன் மூக்கில் வந்த அதே நோய், வெயிலே படாத உள்ளங்காலில், மச்சத்தின் நிறத்தில் வந்திருக்கிறதே என்று வியந்தார். தரையில் முழந்தாளிட்டு மறுபடி பார்த்தார். பக்கத்து அறை மருத்துவரையும் அழைத்துக் காட்டினார்.

மச்சத்தைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கினார்கள். நீலம் கலந்த கறுப்பு, முத்தைப்போல் மினுங்கும் விளிம்பு, ஓரமெல்லாம் சின்னஞ்சிறு இலைகள். வாரந்தோறும் கையில் ஏந்திய பாதத்தில் இப்படியொரு தோட்டமா! மேப்பிள் இலை வடிவம் என்று மருத்துவர் சொன்னதை மாமிக்குத் தமிழில் சொன்னேன்.

“கனடாக் கொடியில இருக்கிற இலையோ?” மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியே பிள்ளை! விசா வருமட்டும் ஒருத்தரும் இதில கை வைக்கப்படாது.”

மெதுவாகத்தான் வளரும், ஆனால் விட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும் என்றார் மருத்துவர். நாள் குறித்தோம். மாமி ஓம் சொல்லவில்லை.

அந்தப் புதன் இரவு, கடைசி நகத்தை வெட்டும்போது கேட்டார்: “விட்டால் எலும்பு வரைக்கும் போகுமாமோ?”

“ஓம் மாமி. பிறகு நடக்கிறதே கஷ்டம்.”

முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். பாதத்துக்குக் கீழே பிடித்தேன். பல வருடமாகத் தன் கண்ணால் பார்த்திராத மச்சத்தை நெடுநேரம் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா நடக்காத காலுக்கு மச்சம் என்னத்துக்கு?”

விசா பிறகு வந்தது. ரொறன்ரோ போய்ப் பேரனையும் தூக்கினார். இன்று மாமி இல்லை. நகவெட்டி இன்னும் குசினி மேசை லாச்சியில் கிடக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம், மச்சத்தை வெட்டியெடுக்கப் புறப்பட்ட அந்த வியாழன் காலைதான் நினைவுக்கு வருகிறது. கார்ச் சாவியோடு கதவைத் திறந்து ஒதுங்கி நின்றேன். மாமி வாசலில் சற்றுத் தயங்கினார். பிறகு வலது காலை எடுத்து வெளியே வைத்தார்.