அம்மாவின் கைக்கு ஒரு கியர் ராடு

கேஸ் வெல்டிங்கில் பழைய பெயின்ட் கருகும் வாடை எங்கே வந்தாலும், மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற லோடு வேன்தான் எனக்கு நினைவுக்கு வரும். நான் ஏழாவது முடித்த கோடை விடுமுறையில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளின் வாசலில் காலை டிபன் விற்பதற்காக அப்பா அதை அம்மா பெயரில் வாங்கி, பின்பக்கம் அடுப்பும் மேடையும் அமைத்தார். ஓட்டப்போவது அம்மா, லைசென்ஸும் எடுத்துவிட்டார். குள்ளமான அவருக்காக சீட்டை உயர்த்தி முன்னே தள்ளியதும், கியர் ராடு இடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. குனிந்து அதைத் தேடினால் ரோடு தெரியாது.

அப்பாவும், வெல்டிங் பட்டறை வைத்திருந்த பெரியப்பாவும் ராடை நீட்டி வளைத்தார்கள். அளவு பார்க்க சீட்டில் மாறி மாறி உட்கார்ந்ததும் அவர்கள்தான். இருவருக்கும் கச்சிதமாக இருந்தது, அம்மாவுக்கு எட்டவில்லை.

"வுடும்மா, டிரைவர் போட்டுக்கலாம். உன் பீச்சாங்கைக்கு எவன் ராடு செய்வான்?" என்று சிரித்தார் பெரியப்பா. அம்மா இடக்கைக்காரர், கல்யாணமாகி வந்து முதல்முறை பரிமாறிய நாளிலிருந்து அந்த "பீச்சாங்கை" அவருக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் போட்டால் வண்டி பெயருக்குத்தான் அம்மாவுடையது என்பது எனக்கே புரிந்தது.

அம்மா உள்ளே போய் நீளமான குழம்புக் கரண்டியோடு வந்து சீட்டில் ஏறினார். கண்ணை மூடி, அண்டாவில் கிண்டுவதுபோல் இடக்கையைச் சுற்றி, கை தானாக நின்ற இடத்தில் நிறுத்தினார்.

"ராடு இங்க வரட்டும்," என்றவர், கண்ணைத் திறக்காமலே, "கியர் பீச்சாங்கைப் பக்கந்தான கீது, மாமா?" என்று பெரியப்பாவைக் கேட்டார்.

அப்பா அந்த இடத்துக்கு நேராகக் கூரையிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டார். பெரியப்பா ராடைக் கழற்றி மறுபடி சூடாக்கினார். மாலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கியராகச் சொல்லச் சொல்ல, அம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டுக்கொண்டே தெருவைச் சுற்றி வந்தார். ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் முனகியது.

இன்று கியர்பாக்ஸ் வடிவமைப்பதுதான் என் வேலை. ஒரு லிவரில் நான் பார்ப்பவை: எட்டும் தூரம், ஆட்டம், முட்டியில் இடிக்கிறதா என்பது. அதற்கெல்லாம் முன்னால், யாருடைய கை என்று கேட்டுவிடுவேன். வேன் காயலான் கடைக்குப் போய்விட்டது. பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அம்மாவின் புது வண்டியில் ராடு டாஷ்போர்டிலேயே முளைத்திருக்கிறது. அந்தக் கோடைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் "பீச்சாங்கை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. தொலைந்துபோனவற்றில் நான் தேடாதது அது ஒன்றுதான்.