‘மாறாது’ என்ற ஒரு சொல்

பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் இருபது வருடம் குப்பை கொட்டியவருக்கு அங்கே வைத்த பெயர் ‘அப்புறம் சார்’. எதைக் கேட்டாலும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். கெட்டிக்காரர், சோம்பேறி. இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்தால் ஊருக்கு ஆகாது.

நோயாளியின் பெயரை ஒருவர் ழகரம் போட்டு எழுதுவார், இன்னொருவர் ளகரம் போட்டு. தேடினால் ஆள் கிடைக்காது. அதற்காக ல, ள, ழ மூன்றையும் ஒரே எழுத்தாக்கும் ஃபங்ஷன் என்ற குட்டி நிரல் ஒன்றை எழுதி, பதிவேட்டைக் காட்டும் ‘வியூ’ என்ற பட்டியலுக்குள் வைத்தார். விசாரணை ஜன்னல் அந்த வியூவில்தான் தேடும். ஒரே பெயருக்கு இதன் விடை என்றும் மாறாது என்று ஃபங்ஷனின் வரையறையில் ஒரு சொல் சேர்த்திருந்தால், அதற்கு, புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணை போல, இண்டெக்ஸ் போட்டிருக்கலாம். தேடல் நேரே ஆளிடம் போயிருக்கும். சேர்க்கவில்லை. அசல் பெயருக்கு இருந்த இண்டெக்ஸும் இங்கே உதவாது. ஆகவே டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் பல லட்சம் வரிகளை ஒவ்வொன்றாக எழுப்பி விசாரித்தது. அரை நிமிடத்தில் முடியாவிட்டால் ‘பதிவு இல்லை’ என்று காட்டச் செய்தவரும் அவர்தான். பிழை என்று வந்தால் மேலதிகாரி கத்துவாரே!

காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு தையல்காரம்மா திங்கள் முதல் நான்கு நாள் ஜன்னலுக்கு வந்தாள். நான்கு நாளும் ‘பதிவு இல்லை’.

வெள்ளிக்கிழமை ஜன்னல் பெண் அவளை உள்ளேயே கூட்டி வந்துவிட்டாள். “சார், இந்த அக்கா தினம் வந்து அழுறாங்க. நீங்களே பாருங்க.”

“அப்புற…” என்று ஆரம்பித்தவர், தையல்காரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ‘மாறாது’ என்ற அந்தச் சொல்லை எழுதினார். இண்டெக்ஸ் போட்டார். பத்து நிமிட வேலை. இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டது.

தேடினார். கண் இமைப்பதற்குள் ஒரு வரி வந்து நின்றது. பெயரில் ழ இருக்க வேண்டிய இடத்தில் ள. திங்கட்கிழமை, லாரி மோதி, மூன்றாம் மாடி வார்டு. நர்ஸ் எழுதிய குறிப்பு: ‘அக்காவைக் கேட்கிறார்.’ செவ்வாய்: ‘அக்கா வந்தாச்சா என்கிறார்.’ புதனும் அதேதான். கடைசிக் கட்டத்தில் நேற்றைய தேதி, காலை ஆறு இருபது, ‘காலமானார்’.

அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. நான்கு நாளும் அவள் நின்ற ஜன்னல் அந்த வார்டுக்கு நேர் கீழே இருக்கிறது.

தையல்காரம்மா மூக்குக் கண்ணாடியைத் தையல் மிஷின் மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். திரையில் ஏதோ வந்தது மட்டும் தெரிந்தது.

“கிடைச்சுட்டானா சார்? நீங்க நல்லா இருக்கணும். எந்த மாடின்னு சொல்லுங்க, நான் ஓடிடறேன்.”